அக்காவுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஜீவனஹள்ளியில் குடியிருந்தபோது, எப்படியாவது பரிசுத்தமாகிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம். டி.வி. இருக்கும் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். மாமியாரை எதிர்த்துப் பேசுவதை மட்டும் விடவில்லை. அதை ஆண்டவர் கண்டுகொள்ளமாட்டார் என்று நினைப்பு.

வெள்ளி சாயங்காலம் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்வார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, இன்னொருத்தி மகனுக்குப் பரீட்சை. எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான். எனக்கு வார்த்தை தங்குதடையில்லாமல் வரும். "சிஸ்டர் ஜெபம் பண்ணா அழுகையே வந்துடுது" என்பார்கள். தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே இனிக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவும் என்னோடு வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். குழாயடிக்கும் சர்ச்சுக்கும் சேர்ந்தேதான் போவோம். அவர் வயிற்றிலிருந்த குழந்தை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அதன்பின் ஒருநாள் என் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"கொழந்த போனதிலேர்ந்து ஜெபமே வர்ல. கண்ண மூடிக்கினு சும்மா உக்காந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத."

அந்த வெள்ளிக்கிழமையே சொன்னேன். மனிதர்களிடம் இல்லை, ஆண்டவரிடம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "குழந்தையை இழந்து, ஜெபிக்கவும் முடியாமல் பின்வாங்கிப்போன எங்கள் சகோதரியை நினைத்தருளும்" என்று அவர் பக்கத்திலேயே முழங்காலிட்டு உருகினேன். அறை முழுக்க ஸ்தோத்திரச் சத்தம். இரண்டு பேர் எழுந்து வந்து அக்கா தலைமேல் கைவைத்தார்கள். "விசுவாசம் கொறஞ்சா இப்படித்தாம்மா" என்றார் ஓர் அம்மா. எனக்கு அக்காமேல் அன்பு இருந்தது, பொய்யில்லை. அன்றைக்கு ஜெபம் நன்றாக அமைந்தது என்ற திருப்தியும் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அக்கா எனக்காகக் காத்திராமல் தனியாக வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தேன் என்றார். குழாயடியில் சிரிப்பார், குடத்தைத் தூக்கிவிடுவார். கீரை ஆய மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் அவர் கணவருக்கு வேலை மாறி, ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

ஏழெட்டு வருடம் கழித்து, துணிந்து ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். நன்றாகத்தான் வரவேற்றார். சாப்பிடாமல் விடவில்லை. என் பிள்ளைகள், மாமியாரின் சர்க்கரை வியாதி, எல்லாவற்றையும் விசாரித்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. கேட்டதற்கு, "தூக்கம் இல்லம்மா" என்று பேச்சை மாற்றினார். அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் இருந்தது. ஒரு காலத்தில் நான் கேட்காமலே சொல்லியிருப்பார். ஒரே ஒரு குறை, ஒரே ஒரு வலி என்னிடம் சொல்லமாட்டாரா என்று மத்தியானம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். பஸ் தெரிந்ததும் பொறுக்க முடியாமல், "உங்களுக்காக எதுக்குக்கா ஜெபிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"பொதுவா ஜெபம் பண்ணிக்கோம்மா."