தம்பியின் காது

தம்பிக்குக் காது கேட்கக் கூடாது என்று பழவங்காடிப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டவள் நான். நடத்திக்கொடுத்தால் ஒரு தேங்காய் உடைப்பதாகப் பேரமும் பேசினேன். மண்டிக்காரர் மகளல்லவா.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நான்கு. ஆரியசாலையில் அப்பாவின் மிளகாய் மண்டிக்கு மேலேயே எங்கள் வீடு. அக்கம்பக்கத்தில் என் வயதுப் பிள்ளைகள் இல்லை. தம்பி பிறந்தபோது இனித் துணைக்கு ஆள் வந்தாயிற்று என்று குதித்தேன். அவனோ எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஒரு சணல் கயிற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவான். நான் தனியாகவே விளையாடினேன்.

காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என் மனசு குளிர்ந்துவிட்டது. காது கேட்காதவன் எப்படித் திரும்புவான்? அவன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை.

பரிசோதனை நேரத்தில் அவன் நன்றாக உறங்க வேண்டுமாம். அதனால் அதுவரை கண்ணயர விடாமல் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆட்டோவில் கிச்சுக்கிச்சு மூட்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன், தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்தேன். என்னைப் பார்க்காமலே சிரித்தான். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து புகட்டியதும் அம்மா மடியில் உறங்கிப்போனான். தலையில் ஒயர்களை ஒட்டினார்கள்.

"செவிக்கு ஒரு கொழப்பமும் இல்ல" என்றார் டாக்டர். மலையாளத்து ஊரில் வளர்ந்த எனக்கும் புரிந்தது, காதில் ஒரு கோளாறும் இல்லையாம். ஆட்டிசமாக இருக்கலாம், பேச்சையும் விளையாட்டையும் கவனித்துச் சோதிக்கிற வேறு டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். அப்பா முதல் பாதியோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார் போலும், அல்வா வாங்கக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அழுகை பொங்கிவந்தது. அப்படியென்றால் நான் கூப்பிட்டதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் திரும்பவில்லை.

"எதுக்குட்டி அழுத? காது நல்லா இருக்குல்லா" என்றாள் அம்மா. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். கோபத்தில் பெஞ்சின் மறுகோடிக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். நான்கு வருஷமாக அவளும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.