அண்ணை சொன்ன நற்சாட்சி

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் பத்தாம் வகுப்புப் படித்த அந்தக் குளிர்காலத்தில், பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் பல. யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. துன்புறுத்தவாவது ஒருத்தி பக்கத்தில் வரக்கூடாதா என்று எரிச்சலோடு நினைத்ததுண்டு. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் கறுப்புப் பாண் ரொட்டிப் பொதிகளைப் பிரித்துக்கொண்டு கூட்டமாக இருப்பார்கள். நான் ஜன்னலோரம் இருந்து, பனி கொட்டுவதில் பெரிய அக்கறை உள்ளவள்போல் பாவனை செய்வேன்.

வகுப்பாசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு ரீச்சரை அப்படிக் கூப்பிட்டிருந்தால் வாயில் மிளகாய்த்தூள்தான். எனக்கு நா எழவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவரது மேசைக்குப் பக்கத்தில் போய், அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன். பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டால், கேள்வியோடு திரும்பி வருவேன்.

எழுத்துச் சோதனைகளில் கணக்கும் பௌதிகமும் எனக்கு நன்றாகவே வந்தன. ஆனால், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஜிம்னேசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்கு நான் பொருத்தமானவளா என்று முடிவு சொல்லும் பொறுப்பு அந்த ஆசிரியையிடம் இருந்தது. வகுப்பில் கை தூக்கி, வாதாடுகிற பிள்ளையைத்தான் அவர்கள் கெட்டிக்காரி என்பார்கள். பொருத்தமில்லை என்று அவர் சொன்னால், என் அண்ணை வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

முடிவு எடுக்குமுன் வீட்டாரோடு பேச வேண்டும் என்றார்கள். அந்த நாட்டில் எனக்கு வீட்டார் என்றால் அண்ணை ஒருவர்தான். வேலை முடிந்த கையோடு, இஸ்திரி போட்ட சேர்ட்டில் வந்தார். அவருடைய டேனிஷ் மொழி தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. எனவே மொழிபெயர்ப்பும் நானே.

ஆசிரியை மெழுகுதிரி கொளுத்தி, கோப்பி ஊற்றி வைத்தார். தங்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ரை தங்கச்சி சரியான அடக்கம் எண்டு சொல்லு. பெரியாக்களுக்கு முன்னாலை வாயே திறக்கமாட்டாள். ஒருநாளும் ஆரையும் எதிர்த்துக் கதைச்சதில்லை. நாங்கள் அப்பிடித்தான் வளர்த்தனாங்கள்.”

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சி கிடையாது. இங்கேயோ, என் கதையை முடிக்க இதுவே போதும். அவர் அதை அவ்வளவு பெருமையோடு சொன்னார்.

ஆசிரியை பேனாவோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல்தடவையாக அவர் பெயரைச் சொன்னேன். “நான் ஜிம்னேசியத்துக்குப் போக வேண்டும். நீங்கள் வகுப்பில் கேட்பதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று வளர்த்திருக்கிறார்கள், அதனால்தான் பேசாமல் இருந்தேன். அகதிகள் முதலில் வேலை பழகட்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று போன கிழமை சொன்னீர்கள். அது பிழை.”

இலக்கணம் கோணல்மாணலாகப் போனது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?” என்று கேட்டுவிட்டு, பேனாவை மறுபடி எடுத்து, பொருத்தமானவள் என்று எழுதினார்.

வெளியே காற்று முகத்தில் அடித்தது. பஸ் தரிப்பிடத்தில் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“நான் கொஞ்சந்தானே சொன்னனான். நீ கனநேரம் கதைச்சாய்.”

“ஓம் அண்ணை.”

“நான் சொன்னதைச் சொன்னனியோ?”

“இல்லை. எனக்கு இடம் தந்திட்டினம்.”

“நல்லம்,” என்றார். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, “அப்ப நான் அங்கை ஏன் வந்தனான்?” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

ஓகஸ்ட்டில் ஜிம்னேசியம் தொடங்கியது. பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அண்ணை சப்பாத்தைக் கழற்றியபடி, நிமிர்ந்து பாராமலே, “நீயே போய்க் கதைச்சிட்டு வா” என்றார்.

போனேன். மற்றப் பிள்ளைகள் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தார்கள். என் இரு பக்கமும் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. உங்கள் வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன்.