அசையாமல் கிடந்த சுறா

இப்போது நான் குடியிருக்கும் ஹெப்பாளில் எங்கள் மேல்வீட்டுப் பெண் நேற்று உயிரியல் நோட்டுடன் சந்தேகம் கேட்க வந்தாள். 'சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும்' என்று அதில் இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்தேன். "அங்கிள், மிஸ் இதைத்தான் எழுதச் சொன்னாங்க" என்று அழுதுவிட்டாள். அவள் அம்மா வந்து முறைத்தார். முறைக்கட்டும். அந்தப் பொய்யை நானே எத்தனை வகுப்புகளுக்கு எழுத வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

பல வருஷங்களுக்கு முன் மைசூரில் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. கடலையே பார்க்காத எனக்குச் சுறா நிபுணர் என்று பெயர் வேறு. செய்முறைத் தேர்வில் அறுக்க வருஷாவருஷம் ஃபார்மலினில் ஊறிய சுறாக்கள் டிரம்மில் வரும். அந்த நாற்றத்துக்குப் பயந்து என் மனைவி எனக்கென்று தனித் துண்டு வைத்திருந்தாள். ஒரு வருஷம் டிரம் வரவில்லை. தேர்வன்று காலை மங்களூர் பஸ்ஸில் ஈரச் சாக்கு ஒன்று வந்தது. செத்த பால்சுறாக்களுக்கு அடியில் ஒல்லியாக, மூக்கோரம் மீசையோடு ஒரு மூங்கில் சுறா.

சாக்கைப் பிரித்த மாதம்மா ஆய்வகத்தைக் கழுவித் துடைப்பவர், கௌதள்ளி என்ற ஊர்க்காரர். "சார், இது மூச்சு உடுதுங்க. கண்ணுக்குப் பொறவால ஓட்டை தொறந்து தொறந்து மூடுது" என்றார்.

பார்த்தேன். அசையாமல் கிடந்தது. நீந்தாத சுறா செத்த சுறா, வகுப்பில் நான் வாசிக்கும் நோட்டே சொல்கிறதே! "அது நரம்புத் துடிப்பு, சும்னே, சும்மா இருங்க மாதம்மா" என்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வு அதிகாரி வேறு அவசரப்படுத்தினார். கத்தி பட்டதும் அது வளைந்து மேசையை அடித்தது. வயிற்றில் இரண்டு முட்டைப் பைகள் இருந்தன.

அது கடலின் தரையில் வாழும் ஜாதி. பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு, வாயாலும் கண்ணுக்குப் பின்னால் உள்ள அந்த ஓட்டையாலும் நீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும். இருட்டியபின் நண்டும் இறாலும் தேடும். தண்ணீர் வற்றினாலும் பல மணி நேரம் தாங்கும். இதெல்லாம் எங்கள் கல்லூரி நூலகத்திலேயே இருந்தது, நான்தான் திறக்கவில்லை. மைசூரில் அதை எந்தக் கடலில் விடுவது என்று கேட்காதீர்கள். துடிக்கத் துடிக்க அறுக்காமலாவது இருந்திருக்கலாம். அடுத்த வருஷமும் அதே நோட்டைத்தான் வாசித்தேன். நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

இப்போது அறுப்பதே நின்றுவிட்டது. நல்லதுதான். அந்த ஆய்வகம் கம்ப்யூட்டர் அறையாகிவிட்டது. கடலடிப் பாறை இடுக்குகளையும் இழுவை வலைகள் வாரிக்கொண்டு போகின்றனவாம். மாதம்மாவும் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் இறந்துபோனார். அன்று மேசையைக் கழுவிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அதன்பின் பல வருஷம் தினமும் வணக்கம் சொன்னார். 'நீங்க சொன்னதுதான் சரி' என்று ஒருநாளும் நான் அவரிடம் சொல்லவில்லை. மாணவர்கள் காதில் விழுந்துவிடும் என்ற பயம்.