சொதியும் சீனக் கோட்டையும்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து போனவர்களில் எவரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நிலம் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று அம்மாவிடம் கேட்டார்கள். என் குணம் எப்படி என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வற்றி பஸ் ஏறுகிறவள் நான். எனக்கும் ஒரு வாய் இருப்பது இவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. ‘உனக்குப் பிடிச்சிருக்கா’ என்று ஒருவராவது கேட்டால் போதும் என்றிருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “ஏட்டி, நீ பெரிய இளவரசி பாரு!” என்றாள்.

இளவரசி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதற்கு அப்பாதான் காரணம். ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு ஃபைலைக்கூட அவசரப்பட்டு நகர்த்தியறியாத அப்பா, ஓய்வு பெற்ற பிறகு தினமும் மாலை ஆறரை மணிக்குப் பெரும்படைகளை நகர்த்தினார். தமிழில் பேசும் சீனப் போர்த் தொடர் அது. எல்லோரும் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு, குதிரைமேல் உட்கார்ந்து, செந்தமிழில் கோபப்படுவார்கள். அந்தப் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையவில்லை. அதனால் அவரே பெயர் வைத்தார். கோட்டைக்குள் அடைபட்டிருக்கும் தளபதி பெரிய மீசை. வெளியே முற்றுகை போட்டிருப்பவன் வெள்ளைக் குதிரை. ராஜாவின் காதில் விஷம் ஊற்றும் மந்திரிக்கு மட்டும் தன் பழைய மேலதிகாரியின் பெயரை வைத்திருந்தார்.

ராயகிரிக்காரர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் ஆறு மணிக்கு முடிகிறது என்று என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அவர்களை ஆறேகாலுக்கு வரச் சொல்லியிருந்தார். ஆறரைக்குக் கோட்டை விழப்போகிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா என்று மூன்றே பேர்தான் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. அவருடைய அப்பாவுக்கு விவசாயம், கூடவே விறைப்பு.

உட்கார்ந்ததுமே அவர் சட்டத்தை வாசித்துவிட்டார்.

“காப்பித் தண்ணி வேணா குடிக்கோம். சம்மதம் முடிவாகாம கை நனைக்க மாட்டோம்.”

பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதற்கு எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. இடியாப்பத்தை அவித்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதியும் வைத்திருந்தாள். சொதி எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பது. அம்மா கல்யாணத்தையே தாண்டிப் போயிருந்தாள். “சும்மா முன்னால இருக்கட்டும்” என்று மூன்று பேர் முன்னாலும் ஸ்டூலைப் போட்டுத் தட்டை வைத்துவிட்டாள்.

நான் காப்பி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றேன். மணி ஆறரை. அப்பா விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே, சோபாவில் கையைத் துழாவி ரிமோட்டை எடுத்து, சத்தமில்லாமல் டிவியைப் போட்டார். மாமா பல்லைக் கடித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அண்ணாச்சி, இன்னைக்குத்தான கோட்டை?”

“ஆமா அண்ணாச்சி. நீங்களும் பாக்கியளா?”

“சத்தத்தைக் கூட்டுங்க மொதல்ல.”

அதற்குப் பிறகு அங்கே பெண் பார்க்கும் நிகழ்ச்சி என்று எதுவும் நடக்கவில்லை. எங்கள் அப்பா கோட்டைக்கு உள்ளே, அவர் வெளியே. கதவைத் திறந்து சமாதானமாகப் போயிருக்கலாம் என்றார் அவர். மானம் என்று ஒன்று இருக்கிறது என்றார் அப்பா. “மானத்தையா அவிச்சுத் திங்க முடியும்?” என்று அவர் எகிறினார். இதற்கு முன் ஒரு சம்பந்தம் பெண் கொஞ்சம் உயரம் என்று முறிந்தது. இது சீனாவால் முறியப்போகிறது என்று மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வீரர்கள் குதிரைச் சேணத்தை வெட்டிக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். பெரிய மீசை தன் பங்கை ஒரு கிழவிக்குக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண் டிவியில் இருக்க, கை தானாக இறங்கி இடியாப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்தது. அம்மா மறுபடி ஊற்றினாள். அதையும் தின்றார். சீனாக்காரன் பட்ட பசியை எல்லாம் எங்கள் வீட்டில் தீர்த்துவைத்தார்.

விளம்பரம் வந்ததும் மாமா துள்ளி எழுந்தார். “அண்ணாச்சி, கை நனைச்சிட்டிய!”

அவர் தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “என்ன காரியம் செஞ்சிட்டிய! இன்னும் ஒண்ணுமே பேசலியே!”

மாப்பிள்ளையின் அப்பா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “நனைச்சது நனைச்சதுதான். சம்மதம்னு வச்சுக்கிடுங்க.”

மாமா அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பா டிவி மறைக்கிறது என்று அவரை ஒதுக்கினார். தொடர் மறுபடி ஆரம்பித்திருந்தது. மந்திரி யோசனை சொல்ல, ராஜா தலையாட்ட, சமாதானத்துக்காக இளவரசியைப் பல்லக்கில் ஏற்றி வெள்ளைக் குதிரையின் கூடாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொதி என் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டது, நான் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒருவழியாகத் தன் தட்டை இழுத்துக்கொண்டு மகனிடம் சொன்னார். “ஏலே, நீயும் சாப்பிடு. அதான் முடிஞ்சிட்டுல்லா.”

அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் தட்டு வைத்தபடியே இருந்தது. இடியாப்பத்தின் ஓரம் காய்ந்துபோயிருந்தது.

“எப்படிம்மா சாப்பிட?” என்றார் அவர். அடுக்களை வாசலைப் பார்த்துத்தான் சொன்னார். “அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அப்பாவைத் தவிர. வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கும் என் குரல் அன்று வெளியே வர மறுத்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. உள்ளே போய்ச் சொதிச் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணி, நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

“ஆறிப் போச்சு. சூடா ஊத்துதேன், சாப்பிடுங்க.”

அவர் எழுந்து, கை கழுவக் குழாய் எங்கன இருக்கு என்று என்னிடம் கேட்டார்.