புடவையைப் பற்றி ஒரு வாக்கியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் திருநள்ளாறில் நடந்தது இது. நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என்னைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரருக்குச் சொந்த ஊர் சுரக்குடி. முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்.

அவர் ஆங்கிலத்தில் வலைப்பூ எழுதுவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனிலேயே தட்டி எழுதுவாராம். சனி பகவானைக் கும்பிட ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக எந்த பஸ், எங்கே குளிப்பது, வயதானவர்கள் எங்கே உட்காரலாம் என்று எல்லாம் அதில் இருந்தது.

"தமிழ்ல எழுதுனா அவங்களுக்குப் புரியாது. தெலுங்கு, கன்னடம் எனக்குத் தெரியாது. நடுவுல இது ஒண்ணுதான் டீச்சர் இருக்கு" என்றார்.

படித்துப் பார்த்தேன். எல்லாம் நாலைந்து வார்த்தையில் முடியும் வாக்கியங்கள், வரிக்கு வரி பிழை. எனக்குக் கை சும்மா இருக்குமா? நானே திருத்தித் தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நீள நீளமான, ஜோடித்த வாக்கியங்களாக மாற்றினேன்.

கோயில் குளமான நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு மாற்றுத் துணி கட்டிக்கொள்வது வழக்கம். அந்த இடத்தில் அவர், 'உங்கள் அம்மா குளிக்கப் போகும்போது மாற்றுப் புடவை என்ன நிறம் என்று பாருங்கள். திரும்பி வரும்போது பழைய புடவையில் வரமாட்டார்' என்று எழுதியிருந்தார். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று எடுத்துவிட்டேன்.

"அது இருந்துட்டுப் போவட்டுமே டீச்சர்" என்றார்.

"படிக்கிறவங்க சிரிப்பாங்க தம்பி" என்றேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை, அம்பகரத்தூரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அவர் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தேன். திருநள்ளாறில் கூட்டம் நெரிந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓடிவந்து ஆட்டோவை மறித்தார். ஆந்திராக்காரர். குளித்துவிட்டு உடை மாற்றப் போன அம்மாவை இரண்டு மணி நேரமாகக் காணோம். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு என்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மாத்திரையும் போனும் மகனின் பையில். தெலுங்கு தவிர வேறு பாஷை தெரியாது.

அன்று காலை எடுத்த போட்டோவைப் போனில் காட்டினார். பச்சைப் புடவை. பச்சைப் புடவை வருமா என்று குளத்துப் படியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒலிபெருக்கியிலும் அதையே சொல்ல வைத்திருக்கிறார். அம்மா இப்போது வேறு புடவையில் இருப்பார் என்பது பதற்றத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. போட்டோவை மூடியதும், அந்தப் போனில் திறந்திருந்த பக்கம் தெரிந்தது. நான் திருத்திக் கொடுத்த பக்கம். புடவையைப் பற்றிய வரி அதில் இல்லை.

நான் ஆங்கிலத்தில் ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். ஆட்டோக்காரர் குறுக்கே வந்து, அவருடைய ஆங்கிலத்தில் நாலே வார்த்தை சொன்னார். வீட்டுக்குப் போன் போட்டு, பையில் என்ன புடவை வைத்தார்கள் என்று மனைவியிடம் கேட்கச் சொன்னார். அது உடனே புரிந்தது. மஞ்சள் புடவை, சிவப்புக் கரை என்று பதில் வந்தது.

உடனே ஸ்டாண்டில் இருந்த மற்ற ஆட்டோக்காரர்களுக்குப் போன் பறந்தது. கால் மணி நேரத்தில் அம்மா கிடைத்துவிட்டார். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய ஞாபகத்தில், காரைக்கால் பஸ் நிற்கும் இடத்துக்கு எப்படியோ போய், ஒரு கடை நிழலில் சுருண்டு கிடந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. கடைக்காரம்மா சர்க்கரை போட்டுப் பால் கொடுத்திருந்தார். மகன் அவர் காலடியில் உட்கார்ந்து அழுததைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் சொல்லிவிட்டேன்: "தம்பி, அந்த வரிய நான் எடுத்திருக்கக் கூடாது."

"விடுங்க டீச்சர். அதான் கெடைச்சிட்டாங்கல்ல" என்றார். ஒரு சொல்லால்கூடக் குத்திக் காட்டவில்லை. அம்பகரத்தூரில் நான் இறங்கும் முன்பே போனை எடுத்து, அந்த வரியைப் பக்கத்தின் தலையிலேயே போட்டார். பிழை இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடமே நீட்டினார். இரண்டு பிழை இருந்தது. எதையும் தொடாதீங்க தம்பி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

இருபது வருடமாகப் பிழையில்லாத ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருடைய அம்மாவை மனதில் வைத்து ஒரே ஒரு வரிகூட நான் இதுவரை எழுதியதில்லை என்பது, அவர் ஆட்டோவில் ஏறும் ஒவ்வொரு காலையும் எனக்கு உறைக்கிறது.