ரெண்டு கோட்டுக்காரர் வீட்டு ஊதாப் பூ

பெயிண்டர் வேலைக்குப் போன முதல் வருஷமே அவருக்கு ‘ரெண்டு கோட்டு’ என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கோட்டு போதும்” என்பார். எதிரே நிற்பது நீதிபதியாக இருந்தாலும் சரி, தீர்ப்பு அதேதான். மூன்றாவது கோட்டு அடிப்பவன் தொழில் தெரியாதவன் என்பது அவர் கட்சி.

முப்பத்தொரு வருஷமாக ஊரார் சுவருக்கெல்லாம் வண்ணம் கலந்தவர் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டுமே, கண்கொள்ளாக் காட்சி! ஹாலுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் மிஞ்சிய பச்சை. சமையலறைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் மிஞ்சிய மஞ்சள். அது ஜன்னலோடு தீர்ந்துபோனதால் அதற்கு மேலே ஏதோ ஒரு குடோனின் சாம்பல். படுக்கையறை என்ன நிறம் என்று அவருக்கே தெரியாது. ஏழு டப்பாவின் அடியை ஒன்றாக வழித்து ஊற்றி அடித்தது அது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் வெள்ளை விரிப்பு, வெள்ளை உறை, வெள்ளைத் திரை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுத்தவர் மிச்சம். அந்தம்மா ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே சும்மா கிடந்த பத்தடி மண்ணைக் காட்டிக் கேட்டார்.

“இங்க பூச்செடி வைக்கப் போறேன். என்ன கலர்னு நான்தான் சொல்லுவேன். நீங்க தூக்கிட்டு வர மட்டும் வாங்க, போதும்.”

“நான் என்ன சொல்லப் போறேன்?” என்றார் ரெண்டு கோட்டு. சொன்ன கையோடு, பெயிண்ட் கம்பெனியின் வண்ண மாதிரிகளெல்லாம் அச்சடித்த ஷேடு கார்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நர்சரியில் ரோஸும் ஊதாவுமாக வரிசை கட்டி நின்றன. அரளி, காகிதப்பூ, அதற்கப்பால் ஹைட்ராஞ்சியா, தொட்டிக்குத் தொட்டி பந்து பந்தாகப் பூத்து. அந்தம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஹைட்ராஞ்சியாவின் முன்னால் நின்றுவிட்டார். “இந்த ஊதா.”

“ஊதான்னா எந்த ஊதா? இதுல பதினேழு இருக்கு.” ரெண்டு கோட்டு கார்டை விரித்துப் பூவின் பக்கத்தில் பிடித்தார். “சொல்றதக் கேளும்மா. சின்ன இடத்துல ஊதா அடிச்சா இடமே சுருங்கிடும். ரோஸ் அடி, பளிச்சுனு இருக்கும்.”

“அண்ணே, செடிய அடிக்க மாட்டாங்க, நடுவாங்க” என்றார் நர்சரிக்காரப் பெண்.

அந்தம்மா சிரிக்கவில்லை. “சுருங்கினா சுருங்கட்டும். உங்க ரோஸ் பின்னால மதிலோரம். என் ஊதா முன்னால.” அப்படியே ரோஸ் அரளி ஒன்றும் ஊதா ஹைட்ராஞ்சியா மூன்றும் வந்து சேர்ந்தன. “இந்த மூணுலயும் உங்க கை படக் கூடாது” என்று கண்டிப்பான உத்தரவும் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷர் கை வைக்கவே இல்லை. அந்த வருஷம் அவருக்கு நீண்ட மதில் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை. தினமும் சாயங்காலம் வாசல் குழாயடியில் வாளியையும் பிரஷ்ஷையும் கழுவுவார். வெள்ளைத் தண்ணீர் சரிவில் ஓடிச் செடிகளின் காலடியில் தேங்கும். தண்ணீர் வீணாகவில்லையே என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு.

அடுத்த வருஷம் மூன்று செடியும் போட்டி போட்டுக்கொண்டு பூத்தன. மூன்றும் ரோஸ். அசல், பளிச்சென்ற, அவர் சிபாரிசு செய்த அதே ரோஸ்!

அந்தம்மா டீ டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “செடிய மாத்திட்டீங்கல்ல?”

“ஐயோ, என் கண்ணாணை இல்லம்மா!”

“எனக்குன்னு ஒரே ஒரு கலர் கேட்டேன். அதையும் உங்க இஷ்டத்துக்கு ஆக்கிட்டீங்க.”

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, அவரும் பதிலுக்குப் போட்டிருப்பார். அந்தம்மா போடவில்லை. மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் அவரோடு பேசியது, அதுவும் ‘டொக்’கென்று. நாலாம் நாள் ரெண்டு கோட்டு ஒரு பூக்கொத்தை ஒடித்துக்கொண்டு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நர்சரிக்குப் போனார்.

“ஏம்மா, ஊதான்னு சொல்லி ரோஸைத் தலையில கட்டிட்டியே! என் குடும்பமே ரெண்டாயிடுச்சு!”

அந்தப் பெண் பூவைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. “அண்ணே, செடிக்குச் சுண்ணாம்பு போட்டீங்களா?”

“நான் எதுக்குப் போடறேன்? வாளி கழுவின தண்ணிதான் கொஞ்சம்...”

“போச்சு! சுண்ணாம்பு மண்ணுல ஏறினா இந்தச் செடி ரோஸாத்தான் பூக்கும்.”

ரெண்டு கோட்டு தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எதிரே புது ஊதாச் செடிகள் பூத்து நின்றன. மூன்றை வாங்கிப்போய், அந்தம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து மாற்றி நட்டுவிட்டால்? செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியாயிற்று, அதையே செய்துவிட்டால்தான் என்ன? பர்ஸைக்கூட எடுத்துவிட்டார். எனக்குன்னு ஒரே ஒரு கலர் என்று அந்தம்மா சொன்ன குரல் காதில் விழுந்தது. பர்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்.

வீட்டு வாசலிலேயே ஒன்று விடாமல் ஒப்பித்தார். அந்தம்மா முதலில் முறைத்தார். அப்புறம் குழாயைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“வேணும்னே செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு ஒரே சீரா வந்திருக்காதுங்க!”

“இனிமே வாளியப் பின்பக்கம்தான் கழுவுவேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல பழையபடி ஊதா வந்துடுமாம்.”

“அதுவரைக்கும்?”

அவர் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த ஷேடு கார்டுக்குப் போனது.

“அந்தக் கார்டைக் குடுங்க” என்று வாங்கி விரித்தார் அந்தம்மா. பதினேழு ஊதாவிலும் விரல் நிதானமாக நடந்துபோய், இருப்பதிலேயே அடர்த்தியானதில் நின்றது. “சமையலறைக்கு இது. மிச்சம் மீதி வேண்டாம், புது டப்பா. மூடிய நான்தான் தெறப்பேன்.”

“சின்ன ரூமும்மா, ஊதா அடிச்சா...” என்று ஆரம்பித்தவர், அந்தம்மாவின் பார்வை ரோஸ் பூக்கள் பக்கம் திரும்புவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். “சரி சரி. நாளைக்கே ஆரம்பிச்சு ரெண்டு கோட்டு...”

“மூணு” என்றார் அந்தம்மா.