இது எந்த ஊருக்காரன்?

நேற்று நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் அடையாள அட்டையை லேமினேஷன் போடக் கொடுத்தேன். மெஷின் சூடாகும் நேரத்தில் கடைக்காரர், தன் மகனின் ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி என்ன என்று போனிடம் தமிழில் கேட்டார். போன் ஒரே மூச்சில் ஒரு தேதியைச் சொன்னது. எங்கேயிருந்து எடுத்துச் சொல்கிறது என்று கேட்டுவிட்டேன். மழைக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அதற்குள் சூடான பிளாஸ்டிக் மணம் எழுந்துவிட்டது. அந்த மணம் வந்தால் நான் பாறசாலையில் இருப்பேன். டிகிரி முடித்த கையோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், எல்லாம் தெரிந்த நான். வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் தேடி எடுத்துவிடுவேன். முதலில் வருவதை அமுக்குவேன். என் வித்தை அவ்வளவுதான்.

கேரள எல்லையோரமான எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சண்டை என்றால் இரண்டும் உண்டு. நான் தேடுவது மட்டும் எப்போதும் தமிழில்தான்.

பொழியூரிலிருந்து மீன் விற்கும் மேரி அக்கா, மகள் ஷைனிக்கு நர்சிங் விண்ணப்பம் போட வந்தார். அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. அவர்கள் வீட்டின் முன்சுவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஷைனிக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் உள்ளே தள்ளி வேறு வீடு.

தேடினேன், முதலில் வந்ததைத் திறந்தேன். மாவட்டப் பட்டியலில் திருவனந்தபுரத்தைக் காணவில்லை. கன்னியாகுமரி என்று போடலாம், பக்கந்தானே என்றேன்.

"நாம கேரளத்திலயாக்கும் மக்கா."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் ஒண்ணுதான் அக்கா."

இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மேரி அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். எதையும் கடைசி வரிவரை வாசித்துத்தான் மூடுவார். பிரிண்ட் எடுத்த தாளை பஸ் ஸ்டாப்பில் வாசித்து முடித்து, அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கடைசி வரியில் ஆபீஸ் முகவரி, அதில் சென்னை; நான் போட்டது தமிழ்நாட்டு விண்ணப்பம்.

"எம் பிள்ளைய சென்னைக்கு அனுப்புனது ஆரு? நீயா, இந்தப் பெட்டியா?"

மணி நாலே கால். கூட வந்திருந்த ஷைனி, மலையாளத்தில் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரம். அடுத்தது போன வருஷத்து அறிவிப்பு. ஒவ்வொன்றையும் திறந்ததும் பின்னாலிருந்து மேரி அக்காவின் குரல்: "இது எந்த ஊருக்காரன்?" பக்கத்தின் அடிவரை போய் முகவரியை நான் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. எங்களுக்கு வேண்டியது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்ப எண் வந்தது. ஷைனி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், பிரிண்டர் பக்கத்திலேயே இருந்தும்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கடையில் எதையும் நான் அமுக்கியதில்லை. சொந்தமாகக் கண்டுபிடித்ததுபோல எல்லாருக்கும் சொல்லியும் கொடுத்தேன். ஷைனி இப்போது நர்ஸ். வீடு திருப்புறத்தில், அங்கே அலை வராது. நான் வேலை பார்த்த கடைதான் இல்லை, ஷட்டரில் வேறு போர்டு.

அட்டை ஆறிவிட்டது. நான் கிளம்பவில்லை. கடைக்காரரின் போனை வாங்கி, அது சொன்ன பதிலுக்கு அடியில் பொடி எழுத்தில் கிடந்த முகவரியைத் திறந்து, கடைசி வரிவரை தள்ளிக் காட்டினேன். சென்னை.

"அப்ப நமக்கு என்னைக்காம்?" என்றார், சத்தம் குறைத்து.

மலையாளத்தில் தேடினேன். முதலில் வந்தவை எதுவும் நம் ஊர் இல்லை. பழக்கத்தில் விரல் கீழே போய் இரண்டாம் பக்கத்தைத் தேடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நின்ற அந்தப் பக்க எண்களே இப்போது இல்லை, முடிவில்லாமல் ஓடும் ஒரே பட்டியல். கூட்டத்தை ஒதுக்குவதுபோலத் தள்ளிக்கொண்டே போனேன்.